மூக்கன் அண்ணையின் சுரையும் பாவாவின் றபானும்

அந்தக் கல்லில் நானும் எட்டு மாதம் துணி துவைத்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கல்லைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்று பிறகு எத்தனையோ பேர் மேடையில் சொல்லிக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கண்டுபிடித்தவர் மூக்கன். வேலி அடைக்க, கிணறு தூர் வார, வாய்க்கால் வெட்ட என்று ஸ்கந்தபுரத்தில் எல்லோரும் கூப்பிட்ட அதே மூக்கன்.

நான் அருந்ததி. யாழ்ப்பாணத்தில் வீணை படிப்பித்தவள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் வீணையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு சேலையும் அம்மாவின் மருந்துப் பையுமாகக் கிளிநொச்சிக்கு வந்தேன். அடுத்த வருடம் கிளிநொச்சியையும் விட்டுவிட்டு ஸ்கந்தபுரம். அங்கே மரத்தடியில் நடந்த பள்ளிக்கூடத்தில் நான் சங்கீத ரீச்சர். சவர்க்காரம் கிடைக்காத காலம் அது. பனங்காயைப் பிசைந்து, குளத்துத் துறையில் கிடந்த நீளக் கல்லில் துணியை அடித்துத் துவைப்போம். ஒரு பக்கம் உடைந்த, ஆள் நீளத்துக் கல். அது எங்கே இருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

மூக்கன் மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயத்து வீடு எரிந்தபோது, மனைவி வீரம்மாவையும் ஒரு சோற்றுச் சட்டியையும் காப்பாற்றிக்கொண்டு வன்னிக்கு வந்தார். காட்டை வெட்டிக் கழனியாக்கியவர்களில் அவரும் ஒருவர். இருபது வருடம் ஆகியும் அவர் வாயில் ‘ஓம்’ வரவில்லை, ‘ஆமாங்க’தான். எங்கள் ஆட்கள் அவரைத் ‘தோட்டக்காட்டான்’ என்பார்கள், முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. ஆனால், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரை, “மூக்கன், இஞ்ச வாரும்” என்று கூப்பிட்டிருக்கிறேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூற்றேழு ஆவணியில் குளம் அடி வரை வற்றியது. மாரிக்கு முன்னால் துறையை உயர்த்த வேண்டும் என்று மூக்கனையும் நான்கைந்து பேரையும் பிடித்தார்கள். அவர்கள் அலவாங்கு போட்டு நெம்பிக் கல்லைப் புரட்டினார்கள். நாங்கள் வாளிகளோடு காத்துக்கொண்டு நின்றோம். புரட்டிய பக்கத்தில் ஒரு சாண் கனத்துக்குச் சேறு. மூக்கன் கையாலேயே அதை வழித்தார். பிறகு தண்ணீர் ஊற்றினார். பிறகு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

“பாவா” என்றார். எனக்குக் கேட்டது, விளங்கவில்லை.

கல்லில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் மேலுடம்பில் துணி இல்லாத ஒருவன், வளைந்த தடி ஒன்றை மார்புக்குக் குறுக்கே பிடித்திருந்தான். தடியில் கட்டிய அரைச் சுரைக்குடுவை அவன் நெஞ்சில் கவிழ்ந்து கிடந்தது. வலப்பக்கம் ஒரு பெண், கையில் சின்னத் தாளம். இடப்பக்கம் தாடிக்காரர் ஒருவர், தலையில் உயரமான தொப்பி, தோள் முதல் கணுக்கால் வரை அங்கி, தூக்கிப் பிடித்த கையில் வட்டமான ஒருமுகப் பறை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதமாக அவர்கள் முதுகில் நாங்கள் துணி அடித்திருக்கிறோம்.

இடம்பெயர்ந்து எங்களோடு இருந்த ஒரு வரலாற்று விரிவுரையாளர் வந்து பார்த்தார். எண்ணூறு, தொளாயிரம் வருடம் இருக்கும் என்றார். மாந்தைத் துறைமுகத்தில் அரபுக் கப்பலும் சீனக் கப்பலும் வந்து நின்ற காலம். வணிகக் கூட்டங்கள் காட்டு வழியாக உள்நாட்டுக்குப் போகும்போது காவல்காரரும் பாட்டுக்காரரும் கூடப் போவார்கள், அவர்களில் பல தேசத்தார் உண்டு, யாரோ ஒரு வணிகன் வைத்த மண்டபத்தின் தூணாக இருக்கலாம் என்று விளக்கினார். அந்தச் சுரை வாத்தியம் பழைய காலத்து ஒற்றைத் தந்தி வீணை வகை என்றும் சொன்னார். அது எப்படி ஒலித்தது என்று கேட்டேன். “அது ஆருக்கும் தெரியாது ரீச்சர்” என்றார்.

அந்த ஒரு வசனத்தைத்தான் ஐயாத்துரை மாஸ்டர் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற அதிபர், ஊர்க் கலைவிழாக் குழுவின் தலைவர். அவரைக் கெட்டவராக எழுத எனக்கு மனம் வராது. கொப்பி இல்லாத காலத்தில் சீமெந்துப் பைகளைக் கழுவிக் காயவைத்து, வெட்டித் தைத்துப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுத்தவர். ஆனால் அவருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், நடந்து முடிந்த வரலாறு உட்பட.

“தைமாத விழாவில இந்த வாத்தியத்தைத் திரும்பச் செய்து மேடையில வாசிக்க வேணும். எங்களை ஒண்டும் இல்லாதவையள் எண்டு நினைக்கிறவைக்கு இது பதிலாயிருக்கும். அருந்ததி ரீச்சர், இது உங்கட பொறுப்பு” என்றார். மரம் வெட்டவும் சுரை தரவும் மூக்கனைச் சொன்னார். மூக்கனின் குடிசைக் கூரை முழுக்கச் சுரைக்கொடி என்பதுதான் காரணம்.

நான் படித்தவள் அல்லவா, மூன்று மாதத்தை நாசமாக்கினேன். சுரையை அரைவாசியாக வெட்டிக் கொண்டுவந்த மூக்கனிடம் அதன் வாயைப் பலகை போட்டு மூடச் சொன்னேன்.

“கல்லுல மூடி இல்லீங்களே டீச்சர்.”

“அது நெஞ்சில கவிண்டு கிடக்கு. உள்ளுக்க மூடி இருக்கும். வீணைக் குடம் எண்டா மூடித்தான் இருக்கும்.”

“மூடி இருந்தா எதுக்குங்க நெஞ்சுல வச்சுக்கணும்? மடியில வச்சுக்கலாமே.”

“சொன்னதைச் செய்யும்.”

செய்தார். தந்திக்கு எங்கே போவது? இரும்பு ஆணியைக்கூட இராணுவம் வன்னிக்குள் விடாத காலத்தில் வீணைத் தந்தி வருமா? சைக்கிள் பிறேக் கம்பியைப் பிரித்து ஒரு இழையைக் கட்டினோம். அதை மடியில் வைத்துச் சரஸ்வதி படத்தில் இருக்கிற மாதிரி நானும் நேராக உட்கார்ந்து மீட்டினேன். தகரத்தில் கல் விழுந்த சத்தம் வந்தது. கம்பியை மாற்றினேன், பலகையை மாற்றினேன், தடியை மாற்றினேன். மூக்கன் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு முறையும் செய்து தந்தார். அந்த மௌனம் எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறுமை என்று நினைத்தேன். அது பொறுமை இல்லை, மனுசன் தன் பாட்டில் வேறொன்று செய்துகொண்டிருந்தார்.

மார்கழியில் மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், புதிதாக ஒரு சுரை கேட்க அவர் வளவுக்குப் போனேன். குடிசைக்குப் பின்னால் ஒரு ஒலி கேட்டது. ஒரே தந்தி, ஆனால் அதில் ஐந்து சுரம் வந்தது. ஒவ்வொரு சுரமும் வாய் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடத்துக்கு மேலாக நான் ஒரு தந்தி ஒலி கேட்கவில்லை. அழுதுவிட்டேன். அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

மூக்கன் வாய்க்கால் வெட்டிவிட்டு வந்த கோலத்தில், மேலில் சேறும் வியர்வையுமாக, வெறும் மார்போடு உட்கார்ந்திருந்தார். வாய் திறந்த அரைச் சுரை அவர் நெஞ்சில் கவிழ்ந்திருந்தது. அதை ஒரு விரல் அகலம் விலக்கினால் ஒலி திறந்தது, ஒட்டினால் உள்ளே போனது. வலக்கையின் ஒரு விரலால் தந்தியை மெல்லத் தொட்டு, அதே கையின் மோதிர விரலால் மீட்டினார்.

“இது என்ன தந்தி, மூக்கன்?”

“ஆட்டுக் குடலுங்க. வைரவர் கோயில் வேள்வியில வாங்குனேன்.”

நான் சைவம். தந்தியைத் தொட்ட கையை எடுத்துச் சேலையில் துடைத்தேன். அவர் சிரித்தார். அவருடைய தகப்பன் தோட்டத்துத் துரைமாரின் கிளப்பில் பந்து பொறுக்கியவராம். பெரிய யுத்தக் காலத்தில் கப்பல் வராமல் துரைமாரின் ரெனிஸ் மட்டைக்கு நரம்பு இல்லாமல் போனபோது, ஆட்டுக் குடலைக் கழுவி, வழித்து, ஈரத்தோடு முறுக்கி, இரண்டு மரத்துக்கு நடுவே கல் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்துப் பின்னிக் கொடுத்தாராம். மகனுக்கும் அந்தக் கை வந்திருந்தது. சோழர் காலத்து வாத்தியத்துக்கு வெள்ளைக்காரன் மட்டைத் தந்தி! ஐயாத்துரை மாஸ்டருக்கு இதை நான் கடைசி வரை சொல்லவில்லை.

நான் வாங்கி, சேலைக்கு மேலாக நெஞ்சில் வைத்து மீட்டினேன். டொக் என்றது. விழாவுக்கு மிருதங்கம் வாசிக்க இருந்த மயில்வாகனத்தாரைக் கூட்டிவந்தேன். அவர் மடிப்புக் குலையாத சட்டையோடு முயன்றார். அவருக்கும் டொக்தான்.

“சட்டை கேக்குதுங்க, நெஞ்சு கேக்கல” என்றார் மூக்கன்.

அதுதான் சங்கதி. நெஞ்சுத் தோலில் நேரே படாவிட்டால் அது பாடாது. அந்த வாத்தியத்தின் மற்றப் பாதி வாசிக்கிறவனின் உடம்பு. கல்லில் அவன் ஏன் மேலாடை இல்லாமல் நிற்கிறான் என்று ஒரு படித்தவருக்கும் தோன்றவில்லை. வெயிலில் வேலை செய்கிறவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவர் எனக்கு மூக்கன் அண்ணை.

மயில்வாகனத்தார் போன பிறகு, “அதையும் காட்டுங்களேன்” என்றாள் வீரம்மா, அடுப்படியில் இருந்து. அண்ணை எழுந்தார். பிறகு கூரை வளையில் செருகியிருந்த சாக்கை இறக்கி அவிழ்த்தார். உள்ளே ஒரு றபான். பலா மரத்து வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் இழுத்த, முஸ்லிம் பெரியவர்கள் தட்டிப் பாடுகிற வாத்தியம். கல்லில் தாடிக்காரர் தூக்கிப் பிடித்திருந்த அதே பறை.

அது மீரா பாவாவுடையது. நாச்சிக்குடாப் பக்கத்து மனுசன். சூடடிப்புக் காலத்தில் ஊசி, பாசிமணி, அத்தர் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு களம் களமாக வருவார். பயந்த பிள்ளைகளுக்கு ஓதி ஊதுவார். அடித்துப் போட்ட வைக்கோலில் உட்கார்ந்து றபானைத் தட்டிப் பாடுவார். மூக்கன் அண்ணை உடுக்கையோடு போய்ச் சேருவார். பாவா நபியைப் பாடுவார், அண்ணை தோட்டத்துக் காமன் கூத்துப் பாட்டை எடுப்பார்.

“ரெண்டு பாட்டும் ஒரே மெட்டுல உக்காந்துச்சுங்க டீச்சர். யாரு யாருகிட்ட வாங்கினதுன்னு தெரியல. பதிமூணு வருசம் அப்புடித்தான் பாடினோம். கல்லைப் புரட்டினப்ப எனக்கு நெஞ்சு அடச்சிருச்சு. அங்க நிக்கறது நாங்கதானுங்களே.”

தொண்ணூறு ஒக்டோபரில், எங்கள் பகுதிகளை வைத்திருந்த இயக்கம் முஸ்லிம் மக்களை வடக்கை விட்டுப் போகச் சொன்னது. பாவா குடும்பத்தோடு உழவு இயந்திரப் பெட்டியில் வவுனியாப் பக்கம் போகும்போது, சந்தியில் இறங்கி ஓடிவந்து றபானை நீட்டினாராம். “வைச்சிரு மச்சான், வந்து எடுக்கிறன்” என்றாராம். அண்ணை “சரி” என்றாராம். அவ்வளவுதான் இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் முஸ்லிம் மக்கள் இருந்தார்கள். என்னிடம் வீணை படித்த ஒரு பிள்ளையும் அதில் ஒருத்தி. அவர்கள் போன அன்றைக்கு நான் யன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன். இதையும் எழுதாவிட்டால் நான் மூக்கன் அண்ணையைப் பற்றி எழுதத் தகுதியில்லாதவள்.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது குழு கூடியது. வாத்தியத்துக்குச் ‘சோழர் யாழ்’ என்று பெயர் வைத்தார்கள். அண்ணை அதைச் ‘சுரை’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மேடையில் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, வேட்டி. பறைக்குப் பதிலாக மிருதங்கம். கல்லுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு விளக்கப் பலகை: ‘அரசவைக் கலைஞர் மூவர். யாழ் வாசிப்பவர், சித்தர், ஆடல் மகள்.’ எழுதியது நான். கையெழுத்து அழகு என்று என்னிடம் தந்தார்கள், நானும் எழுதினேன். சித்தர் என்ற சொல்லை எழுதும்போது கை நடுங்கியது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை.

அண்ணை எழுந்தார். “அவரு சித்தர் இல்லீங்க. தொப்பி போட்டிருக்காரு.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுக்கும் ஒரு வழி பாத்திருக்கிறன். கொத்தன் ஒராள் விழாவண்டு காலமை வாறார். தொப்பியில நாலு கோடு இழுத்தாச் சடைமுடி ஆகிவிடும். பறையையும் கொஞ்சம் செதுக்கினால் கமண்டலம் மாதிரி வரும்.”

“கல்லைக் கொத்துறதுங்களா?”

“மூக்கன், இந்த நேரத்தில இது தேவையில்லாத கதை. இது என்னண்டு இஞ்ச வந்தது எண்டு நாளைக்கு ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது? உமக்கு ஒண்டும் இல்லை, நான்தானே பதில் சொல்ல வேணும்.”

“தொப்பி போட்டவர்னு சொல்லுங்க. எண்ணூறு வருசமா போட்டிருக்காரு. அப்ப யாரும் கழட்டச் சொல்லல.”

“நீர் ஆர் இதில முடிவு சொல்ல?”

“கல்லைப் புரட்டினவன்” என்றார் அண்ணை. “கொத்த விட மாட்டேங்க.”

மற்றவர்கள் சிரித்தார்கள். வேலி அடைக்கிற ஆள் குழுவுக்குக் கட்டளை போடுகிறானே என்ற சிரிப்பு. நானும் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பயம்தான். வேறு பெயர் வைக்க என்னால் முடியாது.

விழா நாள் காலையில் கல்லை மாட்டுவண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டிய பொறுப்பும் மூக்கன் அண்ணைக்குத்தான் கொடுத்திருந்தார்கள். வேறு யாருக்கும் அந்தக் கல்லை அசைக்கத் தெரியாது. எட்டு மணிக்குக் கொத்தன் உளியோடு வந்து உட்கார்ந்தார். ஒன்பதரை ஆகியும் கல் வரவில்லை. மாஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனார்.

கல் துறையில்தான் கிடந்தது, மூன்று பேரின் முகமும் சேற்றுக்குள் போகிற மாதிரிக் கவிழ்ந்து. அதன் மேல் வீரம்மா குந்தியிருந்து துணி அடித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி அவர்கள் குடியிருப்புப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவரிடமும் ஒரு மூட்டை. அந்தக் காலத்தில் எங்களில் யாரிடமும் அவ்வளவு துணி இருந்ததில்லை. சாக்கு, படங்கு, பழைய பாய் உறை எல்லாம் மூட்டையில் இருந்தன.

“கல் என்னண்டு திரும்பினது?” என்றார் மாஸ்டர்.

“துவைக்கிற கல்லு துவைக்கிற பக்கந்தானே ஐயா மேல இருக்கணும்” என்றாள் வீரம்மா.

“எழும்பு பிள்ளை. கல்லை எடுக்க வேணும்.”

“கொஞ்சம் பொறுங்க ஐயா. துணி முடியல.”

மாஸ்டர் பொறுத்தார். வீரம்மா ஒரு சாக்கை அடித்து, பிழிந்து, உதறி, திரும்பவும் தண்ணீரில் தோய்த்து, முதலில் இருந்து அடித்தாள். ஒரு மணித்தியாலம் போனது. எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி வாளியோடு வந்து நிலைமையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் தன் துணியையும் வரிசையில் வைத்தாள். பதினொன்றரைக்குக் கொத்தன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மாஸ்டரின் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புத்தான் தெரிந்தது.

“சரி. கல் கிடக்கட்டும். மேடையில எண்டாலும் ஒழுங்கா நடக்கச் சொல்லுங்கோ ரீச்சர்” என்றார்.

பின்னேரம் நான்கு மணிக்கு விழா. மரத்தடியில் சாக்கு விரித்துச் சனம் நிறைந்திருந்தது. சனறேற்றருக்கு மண்ணெண்ணெய் கிடைத்திருந்ததால் ஒலிவாங்கியும் வேலை செய்தது. என் பலகையில் எழுதிய அதே மூன்று வரிகள் ஒரு தாளில் என் கையில் இருந்தன. அதை வாசிக்க வேண்டியது நான். மயில்வாகனத்தார் மிருதங்கத்தோடு அமர்ந்தார். மூக்கன் அண்ணை வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். அந்தச் சட்டை குழுவுடையது, அவருக்கு ஒரு அளவு சின்னது.

அவர் சுரையைச் சட்டைக்கு மேல் வைத்து மீட்டினார். டொக். சனம் சிரித்தது. இன்னொரு முறை. டொக். முன்வரிசையில் ஒருவர், “தோட்டக்காட்டானுக்கு யாழாம்” என்றார். எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும்.

அண்ணை அவசரப்படவில்லை. சுரையைப் பக்கத்தில் வைத்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை உதறி நான்காக மடித்து மாஸ்டரின் கதிரைக்கு முன்னால் மேடை விளிம்பில் வைத்தார். வெயிலில் கறுத்த, எலும்பு தெரிகிற மார்பு. சுரையை எடுத்து அதில் கவிழ்த்து மீட்டினார்.

சனம் வாயை மூடியது. அந்த ஒலி ஒலிவாங்கி இல்லாமலே கடைசி வரிசை வரை போனது. அப்போது வீரம்மா பின்பக்கத்தால் மேடையில் ஏறினாள், கையில் றபான். மயில்வாகனத்தார் அவளைப் பார்த்தார், கல்லில் இருந்தவரை நினைத்தாரோ என்னவோ, மிருதங்கத்தைத் தூக்கி மடியிலிருந்து இறக்கி இடம் விட்டார். அந்த மனிதருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

மாஸ்டர் என்னைப் பார்த்து, “வாசியுங்கோ ரீச்சர், வாசியுங்கோ” என்று கையைக் காட்டினார். நான் ஒலிவாங்கிக்குப் போனேன். தாளைப் பார்த்தேன். ஏழு வருடத்துக்கு முன் சாத்திய யன்னல் அது.

“கல்லில மூண்டு பேர் இருக்கினம்” என்றேன். குரல் நடுங்கியது. இந்த முறை உண்மையாகவே நடுங்கியது. “சுரை வாசிக்கிறவர் ஒராள். தாளம் போடுற மனிசி ஒராள். மற்றவர் தொப்பி போட்ட பாவா. இது பாவாவின்ர றபான்.”

தாளைக் கிழித்தேன் என்று எழுத மாட்டேன், மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். கைப்பையில் பள்ளிக்கூடத்துத் தாளம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மூன்றாவது ஆளாகப் போய் உட்கார்ந்தேன். அண்ணை காமன் பாட்டைத் தொடங்கினார். இரண்டாம் அடியில் அதே மெட்டில் பாவாவின் பாட்டுக்கு மாறினார். கப்பல் வந்த கதை, மணல் கரை, நபியின் பெயர். சனத்தில் ஒரு மூலையில் இருந்து யாரோ கூடச் சேர்ந்து பாடினார்கள். பிறகு இன்னும் சிலர். களத்தில் பாவாவைக் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே அவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள். ஏழு வருடமாக யாரும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த கிழமை இயக்கத்திலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்து அண்ணையை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று நாள். றபானையும் தேடினார்கள். முற்றத்தில் வீரம்மா வட்டமான ஒரு தட்டில் மிளகாய் காயப் போட்டிருந்தாள். அதைத் தாண்டித்தான் உள்ளே போய்த் தேடினார்கள். தோல் பக்கம் கீழே இருந்ததால் தட்டு யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

திரும்பி வந்த அண்ணையின் ஒரு காது வீங்கியிருந்தது. என்ன கேட்டார்கள் என்றேன். “றபான் யாருதுன்னு கேட்டாங்க. பாவாவுதுன்னு சொன்னேன். வேற யாருதுன்னு சொல்றதாம்?” என்றார். என்னையும் ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டார்கள். நானும் அதையேதான் சொன்னேன். மாஸ்டர் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் சீமெந்துத் தாள் கொப்பி ஒன்றைத் தந்து, அந்தப் பாட்டை எழுதி வைக்கச் சொன்னார்.

ஆனையிறவில் சண்டை நடந்த மாதங்களில் குடிசை இரண்டு முறை கூரை இழந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அண்ணை தோளில் றபான் சாக்கு இருந்தது. சுரை உடைந்தது, புதுச் சுரை காய்த்தது. றபானின் தோல் ஈரத்தில் கிழிந்தபோது ஆட்டுத் தோலை ஊறவைத்து மாற்றினார். கல் மட்டும் கவிழ்ந்தபடியே துறையில் கிடந்தது. ஊரில் எல்லோருக்கும் அதன் கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். அதில் அடிக்கும்போது பெண்கள் கொஞ்சம் மெதுவாக அடிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்தொன்று ஐப்பசியில், பாஸ் எடுத்து வவுனியா போய்வந்த ஒருவர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். புத்தளத்து அகதி முகாமில் இருந்து, மீரா பாவா மகளைக் கொண்டு எழுதுவித்தது. அண்ணைக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தேன்.

‘மச்சான், நீ உயிரோடு இருப்பது இந்த ஆள் சொல்லித்தான் தெரியும். எனக்கு வயது போய்விட்டது. கண்ணும் சரியில்லை. இனி அங்கே வருவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. றபான் இருக்குமென்றால் இவரிடம் கொடுத்துவிடு. மௌத்தாகும் முன் ஒரு தரம் கையில் எடுத்துத் தட்ட ஆசை.’

வீரம்மா கடிதம் முடியும் முன்பே சாக்கை இறக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். கடிதம் கொண்டுவந்தவர் கையை நீட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினொரு வருடமாகக் காத்த பொருள் இதோ சொந்தக்காரனிடம் போகப் போகிறது என்று நினைத்தேன். அண்ணை சாக்கின் வாய்க் கட்டை இரண்டு மூன்று முறை தடவினார். பிறகு அதை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தார்.

“குடுக்க மாட்டேன்” என்றார்.

“என்னங்க இது, பாவம் அந்த மனுசன்” என்றாள் வீரம்மா.

“ஆசையாக் கேக்கிறார் அண்ணை. எத்தினை வருசம்...” என்றேன் நானும்.

“குடுத்துவிட்டா அங்கயே உக்காந்து தட்டிக்கிட்டு, இதுதான் ஊருன்னு இருந்துருவான் டீச்சர். இங்க இருந்தா, இத எடுக்கறதுக்காவது வரணும்ல? அவன் வந்து எடுக்கறேன்னு சொன்னான். நான் சரின்னு சொன்னேன். அதுதான் பேச்சு. எழுதுங்க.”

நான் மாஸ்டர் தந்த கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். இந்த முறை ஒரு சொல்லையும் நான் திருத்தவில்லை.

‘றபான் நல்லா இருக்கு. தோல் புதுசு. குடுத்துவிட மாட்டேன். நீ வந்து எடுத்துக்க.’